வடு இல்லாத வடுமாங்காய்

வடுமாங்காய்க் கம்பெனியில் பாட்டில் நிரப்புகிறவள் பூரணம். மாங்காய் எந்தத் தோப்பு, எத்தனை நாள் ஊறியது என்று உள்ளதை உள்ளபடி ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள்.

முதலாளி வைத்தியலிங்கம் அதை வீசியெறிந்தார். "இனி விளம்பரத்தை ஏஐ எழுதும். அது சொன்னபடி சரக்கு போகணும். மாறுச்சோ, உனக்கு வேலை இல்லை!"

ஏஐயோ வடு என்றால் மாம்பிஞ்சு என்று தெரியாமல், தழும்பு என்று நினைத்துக்கொண்டு, "எங்கள் ஊறுகாயில் ஒரு வடுகூட இல்லை!" என்று எழுதியது. முதலாளி படிக்காமலே ஊரெல்லாம் ஒட்டினார்.

மறுநாள் கடைக்காரர்கள் வந்தார்கள். பூரணம் வெறும் உப்புத்தண்ணீர் பாட்டில்களை அடுக்கினாள்.

"வடு எங்கேடி?" என்று கத்தினார் முதலாளி.

"ஒண்ணுகூட இல்லைன்னு நீங்கதானே ஐயா ஒட்டியிருக்கீங்க?"

கடைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதலாளி குனிந்து, தான் எறிந்த மூலையிலேயே கிடந்த நோட்டை எடுத்தார்.

"பூரணம்மா, இனி ஏஐ இதைப் படிச்சிட்டுத்தான் எழுதணும்."

"ஏஐ மட்டும் படிச்சாப் போதுமா ஐயா?"