செவந்தி நிறுத்திய கொத்து

பறவைகளும் பாம்புகளும் நம்மைப் போலவே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மரங்கொத்திகள் நிறுத்தாமல் கொத்தின. நிறுத்தாமல் என்றால் நிறுத்தவே நிறுத்தாமல்! காலையில் மரத்தில் அலகை வைத்தால் பொந்து முடிகிற வரை கொத்து, கொத்து, கொத்துதான். 'வைத்த அலகை எடுக்காதே' என்பது அவர்களுடைய தொழில் சட்டம். நடுவில் நிறுத்தினவர்களுடைய மரம் அடுத்தவருக்குப் போய்விடும். அதுகூடப் பரவாயில்லை. வேலை முடிந்ததும் மொத்தக் கூட்டமும் சுற்றி நின்று, "கழுத்து தளர்ந்துபோச்சு டோய்!" என்று கூவி மானத்தை வாங்கிவிடும்.

அந்தக் கூட்டத்திலேயே கெட்டிக்காரி செவந்தி. மழைக்கு முன்னால் மைனாவுக்குப் பொந்து வேண்டும், கிளிக்குப் பொந்து வேண்டும், ஆந்தைக்கும் வேண்டும். எல்லாரும் "செவந்தி கொத்தினதா?" என்று கேட்டுவிட்டுத்தான் குடிபோவார்கள். அவள் கொத்துகிற வேகத்தில் மரத்தூள் மழையாகக் கொட்டும். அப்படி ஒரு வேலைக்காரி!

ஒருநாள் காலையில் அவள் கழுத்தின் இடப்பக்கம் சுருக்கென்றது. தூங்கின விதம் சரியில்லை என்று விட்டுவிட்டாள். மறுநாள் சிறகு நுனிவரை மரத்துப்போனது. ஈரக்காற்று என்று சொல்லிக்கொண்டாள். நாலாம் நாள் கழுத்து இடப்பக்கம் திரும்பவே இல்லை. அதற்கும் ஒரு சாக்கு கண்டுபிடித்தாள் பாருங்கள்!

அவள் கணவன் கருவாலன் கேட்டான்: "ஏன் செவந்தி, நான் இந்தப் பக்கம் இருக்கேன், நீ மரத்தைப் பார்த்துப் பேசுறியே?"

"உங்க மேல கோபம்."

"நான் என்ன பண்ணினேன்?"

"அதுகூடத் தெரியலையா? அதுக்குத்தான் கோபம்!"

பாவம் கருவாலன். தான் என்ன தப்பு செய்தோம் என்று அன்று முழுவதும் மண்டையை உடைத்துக்கொண்டான்.

வலிக்கிறது என்று சொல்லித் தொலைத்தால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். யாரிடம் சொல்வது? மேஸ்திரி பெருங்கொண்டையாரிடமா? அவரிடம் எந்த வலியைச் சொன்னாலும், "வலியா? இன்னும் வேகமாக் கொத்து, தானாப் போயிடும்" என்பார். அந்தக் கூட்டத்துக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். செவந்தியும் அப்படியே இன்னும் வேகமாகக் கொத்தினாள். வலியும் இன்னும் வேகமாக வளர்ந்தது.

இப்படி இருக்கையில் மேற்கே வானம் கறுத்துவிட்டது! "இன்னிக்கே எல்லாப் பொந்தும் முடியணும்! ஒருத்தரும் அலகை எடுக்கக் கூடாது!" என்று மேஸ்திரி கத்தினார். நாற்பது மரங்கொத்திகள் இலுப்பைத் தோப்பில் பாய்ந்து ஒட்டிக்கொண்டன. காது கிழிகிற சத்தம்! செவந்திக்குக் கிடைத்தது அவள் குடியிருக்கிற மரமே. மேலே அந்தப் பக்கம் அவள் வீடு. உள்ளே கண் திறக்காத மூன்று குஞ்சுகள். கருவாலன் எறும்பு பிடிக்கப் போயிருந்தான்.

கொத்தினாள், கொத்தினாள். ஒவ்வொரு கொத்துக்கும் கழுத்திலிருந்து நகம்வரை சுரீர் சுரீர் என்று இழுத்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஐயோ, முடியலையே!" என்று அலகை எடுத்துவிட்டாள்.

ஆமாம், எடுத்தேவிட்டாள்! அந்தக் குலத்தில் யாருமே செய்யத் துணியாத காரியம்.

அவள் அலகு நின்றதும்தான் அந்தச் சின்னச் சத்தம் அவள் காதில் விழுந்தது. "கீ... கீ... அம்மா!" இடப்பக்கமிருந்து வந்தது. திரும்பிப் பார்க்கலாம் என்றால் கழுத்து திரும்பினால்தானே! வேறு வழியில்லாமல் உடம்போடு மரத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.

அங்கே ஒரு சாரைப்பாம்பு ஏறிக்கொண்டிருந்தது! அதன் தலைக்கும் பொந்துக்கும் ஒரு முழம்தான் இடைவெளி.

"பாம்பு! பாம்பு!" என்று செவந்தி அலறினாள். முப்பத்தொன்பது அலகுகளின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? பொந்து வாசலில் போய்ச் சிறகை விரித்து நின்றுகொண்டாள். பாம்பு சிரித்தது.

"உன் கழுத்தை நாலு நாளாப் பார்க்கிறேன் தாயி. இடப்பக்கம் அது திரும்பாது. அதனாலதான் இந்தப் பக்கமா வந்தேன்."

அந்த நேரம் பார்த்து மேஸ்திரி பெருங்கொண்டையார் தாம்தூம் என்று பறந்து வந்தார். பாம்புக்காக இல்லை, திட்டுவதற்காக! "அலகை எடுத்துட்டியா? நீயா? வெட்கமா இல்லை?" என்று கத்திக்கொண்டே வந்தவர் பாம்பைப் பார்த்துவிட்டார். அப்புறம் போட்டார் பாருங்கள் ஒரு கூச்சல்: "எல்லாரும் நிறுத்துங்கடா! நிறுத்துங்க!"

தோப்பே சட்டென்று அமைதியானது. அடுத்த நொடி நாற்பது மரங்கொத்திகளும் பாம்பின் மேல் விழுந்தன. அது தொப்பென்று கீழே விழுந்து புதருக்குள் ஓடியே போனது!

மூன்று குஞ்சுகளும் பத்திரம். செவந்தி அவற்றை அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "வலிக்குதுன்னு முதல் நாளே சொல்லியிருந்தா பாம்பு இவ்வளவு தூரம் வந்திருக்குமா?"

மேஸ்திரி தலையைக் குனிந்தார். "எனக்கு வலப்பக்கம் திரும்பாது, செவந்தி. மூணு வருஷமாச்சு. வெளியே சொன்னதில்லை."

"எனக்குச் சிறகு மரத்துப்போகுது மேஸ்திரி" என்றது ஒரு குரல். "எனக்குக் கால் விரல்." "எனக்கு எச்சில் விழுங்கினாலே வலிக்குது." சொல்லச் சொல்ல, தோப்பில் வலி இல்லாத ஆளே இல்லை!

மழை பிடித்துக்கொண்டது. நனைந்தபடியே பழைய சட்டத்தைக் கிழித்துப் போட்டார்கள். வாலை மரத்தில் ஊன்றிச் சாய்ந்தால் கழுத்துக்குப் பாரம் குறைகிறது என்று அப்போதே ஒருவர் கண்டுபிடிக்க, எல்லாரும் ஊன்றிப் பார்த்து ஆரவாரம் செய்தார்கள். எறும்போடு திரும்பி வந்த கருவாலனிடம் செவந்தி சொன்னாள்: "உங்க மேல கோபமே இல்லைங்க. கழுத்துதான் வலிச்சுது."

"அடிப்பாவி!" என்றான் கருவாலன்.

அன்று முதல்தான் மரங்கொத்தி வாலை ஊன்றிக்கொண்டு நாலு கொத்து கொத்துகிறது, நிறுத்துகிறது, மரத்தைச் சுற்றி அந்தப் பக்கம் போய் எட்டிப் பார்க்கிறது. டொக் டொக் என்ற சத்தம் நின்றால் அதற்கு வேலை ஓடவில்லை என்று நினைத்துவிடாதீர்கள்! குஞ்சுகள் பத்திரமா என்று பார்த்துவிட்டு இதோ வந்துவிடும்.