பின்வடம்

கரட்டூரில் தேர் மேட்டுத்தெரு வரைக்கும் ஏறி, அப்புறம் செங்குத்தான சரிவில் இறங்க வேண்டும். மேலத்தெருக்காரர்கள் முன்வடம் பிடிப்பார்கள். கீழத்தெருக்காரர்கள் பின்வடத்தைப் பிடித்துக்கொண்டு, பின்னால் சாய்ந்தபடியே இறங்குவார்கள். தேர் நிலைக்கு வந்ததும் முன்வடக்காரர்களுக்கு மாலை. பின்வடக்காரர்களுக்கு உள்ளங்கையில் கொப்புளம்.

அந்த வருடம் தேரோட்டத்தன்று கீழத்தெரு இருளப்பன் தங்களுக்கும் மாலை கேட்டார். தர்மகர்த்தா சிவசங்குவுக்குச் சிரிப்பு வந்தது.

"சாமி தேரைப் பின்னால இழுக்கிறவனுக்கு மாலையா? இந்த வருசம் பின்வடமே வேண்டாம். போய் முன்வடத்துல கடைசியா நில்லுங்க."

இருளப்பன் நேரே தன் குருவிடம் போனார். குரு சருகுச்சாமி, சீடரைவிடப் பத்து வயது இளையவர்.

"சாமி, காலங்காலமா நாங்க பின்னால இழுக்கிறோம். தேர் என்னவோ முன்னாலதான் போகுது. அப்ப நாங்க தோத்துக்கிட்டேதான் இருக்கோமா?"

குரு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இருளப்பனோடு மேட்டுத்தெருவுக்கு நடந்தார்.

சரிவின் உச்சியில் முட்டுக்கட்டை போட்டுத் தேரை நிறுத்தியிருந்தார்கள். குரு அதன் முன்னால் போய், நடுத்தெருவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"பின்வடம் வேண்டாம்னீங்களாமே?"

"ஆமா," என்றார் தர்மகர்த்தா.

"நல்லது. நீங்களும் வந்து பக்கத்துல உக்காருங்க. கட்டையை எடுக்கச் சொல்லலாம்."

தர்மகர்த்தா சக்கரத்தைப் பார்த்தார். அது அவரைவிட உயரம். முன்வடக்காரர்கள் யாரும் சொல்லாமலே வடத்தைக் கீழே போட்டுவிட்டு வீட்டோரமாக ஒதுங்கினார்கள்.

"எந்திரிங்க சாமி. நேரமாகுது."

"எனக்கு நேரம் இருக்கு."

தர்மகர்த்தா முகத்தைத் துடைத்தார். "சரி, பின்வடத்தைக் கட்டட்டும்."

"மாலை?"

"நிலைக்கு வந்ததும் பாத்துக்கலாம்."

"இப்ப."

தர்மகர்த்தா தன் கழுத்து மாலையைக் கழற்றி இருளப்பனுக்குப் போட்டார். நானாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு விசிலாவது அடித்திருப்பேன். கீழத்தெருக்காரர்கள் நேரே போய்ப் பின்வடத்தைக் கட்டினார்கள்.

குரு எழுந்து வழிவிட, முன்வடக்காரர்கள் திரும்பி வந்து வடத்தைப் பிடித்தார்கள். கட்டையை எடுத்தார்கள். தேர் இறங்கியது. வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, ஒரே சீராக இறங்கியது. குருவும் பின்வடத்தில் ஒரு கை பிடித்திருந்தார்.

இருளப்பன் சக்கரங்களுக்கு இடையே எட்டிப் பார்த்தார். முன்வடம் தொய்ந்து புழுதியில் புரண்டுகொண்டிருந்தது. அதைப் பிடித்தவர்கள் சத்தம் மட்டும் போட்டுக்கொண்டு போனார்கள். அவர் கையிலிருந்த வடமோ விறைத்துப்போய் உள்ளங்கையை அறுத்தது.

"இப்பவும் முன்னாலதான் போகுது சாமி."

குரு குதிகாலை மண்ணில் இன்னும் ஆழமாக ஊன்றினார்.

"தோத்திருந்தா ஓடியிருக்கும்ணே. நடக்குது பாருங்க."