மூக்குப் பார்க்கும் நாள்

ஒரு மாதக் குட்டியின் மூக்கைப் பார்த்தே அதற்கு ஆயுள் எவ்வளவு என்று உங்களால் சொல்ல முடியுமா?

கோமதிநாயகம் வீட்டில் சொல்லிவிடுவார்கள். தாத்தா காலத்திலிருந்து ஜாதி வேட்டைநாய் வளர்க்கிற குடும்பம் அது. நாய் பால்வெள்ளையாக இருக்க வேண்டும். மூக்கு, கைக்குழந்தையின் உள்ளங்கால் மாதிரி ரோஸ் நிறத்தில் இருக்க வேண்டும். பிறக்கும்போது எல்லாக் குட்டிக்கும் அப்படித்தான் இருக்கும். போகப் போகச் சிலதுக்குக் கறுத்துவிடும்.

அதனால் ஒரு மாதம் பொறுப்பார்கள். பிறகு நல்ல நாள் பார்த்து, வீடே கூடி உட்கார்ந்து மூக்குப் பார்ப்பார்கள். பாயசம் உண்டு. கறுக்காத குட்டிக்குப் பெயர் வைத்துப் பொட்டு இடுவார்கள். கறுத்தது கொல்லையில் வெட்டிய குழிக்குப் போகும். யாருக்காவது கொடுத்துவிடலாமே என்று கேட்டால், “எங்க வீட்டு ரத்தம் கறுத்த மூக்கோட தெருவுல அலையணுமா?” என்பார்கள்.

அப்படி ஒரு மூக்குப் பார்க்கும் நாளன்று காலையில், கோமதிநாயகம் தன் குருவைப் பார்க்க வந்தார். குரு செண்பகத்தம்மாள் அவரைவிட வயதில் சின்னவர். அணைக்கட்டுப் பக்கம் ஓர் ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். கோமதிநாயகம் அவரிடம் தியானம் பழகிக்கொண்டிருந்தார். அன்று கூடவே பூபதியையும் சங்கிலியில் பிடித்து வந்திருந்தார். அவர் வீட்டிலேயே பேர்பெற்ற நாய்.

“என்ன நாயகம், தியானத்துக்கு ஜோடியா வந்திருக்கீங்க?”

“சிரிக்காதீங்கம்மா. இப்ப எனக்கு இவன்தான் குரு.”

“அப்ப நான் வேற வேலை தேடணும்னு சொல்லுங்க.”

கோமதிநாயகம் நடந்ததைச் சொன்னார். நாய்க் கண்காட்சியில் பூபதி நடுவர் முன்னால் நின்றுகொண்டிருந்தபோது, பக்கத்துக் கோயில் கொடைத் திருவிழாவில் வேட்டுப் போட்டுவிட்டார்கள். மற்ற நாய்களெல்லாம் ஆளை இழுத்துக்கொண்டு ஓடின. ஒரு அல்சேஷன் நடுவரின் பேன்ட்டை நனைத்துவிட்டது. பூபதி மட்டும் அசையவில்லை. கோப்பையைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

“பக்கத்து வீட்ல குக்கர் விசில் அடிச்சாலே எனக்குத் தியானம் கலைஞ்சிடுது. இவனுக்கு வேட்டுச் சத்தத்துலயும் கலையல. இந்த மனசு எனக்கு எப்பம்மா வரும்?”

செண்பகத்தம்மாள் நாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அது வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

“அதுக்குப் பின்னால போய் நின்னு பேர் சொல்லிக் கூப்பிடுங்க.”

“பூபதி!”

திரும்பவில்லை.

“டேய், பூபதி!”

திரும்பவில்லை.

“சட்டுனு திரும்ப மாட்டான். கௌரவம் பாப்பான்,” என்று கோமதிநாயகம் பெருமையாகச் சொன்னார்.

செண்பகத்தம்மாள் அடுக்களைக்குள் போய் ஒரு தாம்பாளமும் கரண்டியும் எடுத்து வந்தார். நாயின் தலைக்குப் பின்னால் நின்று ஓங்கித் தட்டினார். கோமதிநாயகம் துள்ளினார். ஓட்டின் மேலிருந்த காக்கை பறந்தது. நாயின் காது நுனிகூட ஆடவில்லை.

கொஞ்ச நேரத்தில் வாசல் வேம்பிலிருந்து ஒரு அணில் சத்தமில்லாமல் இறங்கியது. பூபதி ஒரே பாய்ச்சல். சங்கிலி இழுத்த இழுப்பில் கோமதிநாயகம் முழங்கால் தேய விழுந்தார்.

“உங்க குருவோட அமைதி எங்க போச்சு நாயகம்?”

அவர் எழுந்திருக்கவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே நாயைப் பார்த்தார்.

“இவன் தூங்கிட்டிருந்தப்ப கால் பட்டுச்சுனு எங்க மருமகளக் கடிச்சு வெச்சிருச்சும்மா. தையல் போட வேண்டியதாப் போச்சு. ‘ஒன் நடை சரியில்ல, அதான் நாய்க்கு ஆகல’ன்னு நாங்க அவளத்தான் ஏசினோம்.”

“இதோட அப்பன் எப்படி?”

“அவனும் இப்படித்தான். இடி இடிச்சாலும் படுத்துக் கெடப்பான். கலங்காத நாய்னு சுத்துப்பட்டுல பேரு. அதனாலதான் எல்லாப் பொட்டைக்கும் அவனையே சேத்து விட்டோம்.”

“கூப்பிட்டா வர்ற குட்டி ஒண்ணுகூடவா உங்க வீட்ல பொறக்கல?”

“ஏன் பொறக்கல? மூக்கு கறுத்ததுங்கள்ளாம் கூப்பிட்டதும் விழுந்தடிச்சு ஓடி வரும். கால்ல கெடந்து பொரளும். ‘பாருடா, தெருநாய்ப் புத்தி’ன்னு எங்கப்பா காறித் துப்…”

பூபதியின் ரோஸ் மூக்கைத் திரும்பிப் பார்த்தார்.

அப்போது அவருடைய போன் அடித்தது. மனைவி பேசினார். குரல் வெளியே தெளிவாகக் கேட்டது.

“எங்க போய் உக்காந்திருக்கீங்க? பாயசம் ஆறுது. உங்க தம்பி குழி வெட்டி முடிச்சிட்டாரு. பூபதிக்குப் பொறந்த முதல் ஈத்து, ஆறு குட்டியும் தேறும்னு நெனச்சேன். ரெண்டுதான் தேறுச்சு. நாலுக்கும் மை தடவுன மாதிரி கறுத்துப் போச்சு. அதுல ஒண்ணு என் சேலையக் கவ்விக்கிட்டு விட மாட்டேங்குது, சனியன். சீக்கிரம் வாங்க.”

பின்னால் குட்டிகளின் சத்தம் கேட்டது.

“வர்றேன்,” என்று போனை வைத்தார்.

செண்பகத்தம்மாள் சொன்னார்: “அந்த நாலையும் இங்க கொண்டாந்து விட்டுருங்க. நான் பாத்துக்கறேன்.”

கோமதிநாயகம் சங்கிலியைக் கையில் சுற்றினார். அவிழ்த்தார். மறுபடி சுற்றினார்.

“அது முடியாதும்மா. இங்க நாலு பேர் வந்து போற எடம். எங்க நாயோட சாயல் யாருக்கும் தெரிஞ்சிரும்.”

“தெரிஞ்சா?”

“மூணு தலைமுறைப் பேரும்மா. பையனுக்குப் பொண்ணு கேக்கப் போன எடத்துலகூட நாய்க்கார வீடுன்னுதான் நாற்காலி போட்டாங்க. இவனுக்குக் காது கேக்காதுங்கறதையும் நீங்க வெளிய சொல்லிடக் கூடாது.”

“சொல்ல மாட்டேன்.”

அவர் கும்பிட்டுவிட்டு நடந்தார். நாயும் நடந்தது. வேலிப்படல் வரைக்கும் போய்விட்டார்கள்.

“நாயகம்!”

அவர் திரும்பிப் பார்த்தார். நாய் போய்க்கொண்டே இருந்தது.

“எனக்காக ஒண்ணு செய்யுங்க. குழிக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடி ஆறையும் ஒண்ணா விட்டு, பின்னால நின்னு ஒரு தடவ கூப்பிடுங்க. உங்ககிட்ட ஓடி வந்ததுங்கள மட்டும் தம்பிகிட்டக் குடுக்காதீங்க. நீங்களே உங்க கையால குழிக்குள்ள எறக்குங்க.”