கேணியில் விழுந்த இங்கிலீஷ்

கருங்காட்டூர் சமஸ்தானம் ரொம்பச் சின்னது. ராஜா அரண்மனையில் தும்மினால் எல்லைக் காவல்காரன் திரும்பிப் பார்ப்பான். ஆனால் ராஜா முத்துவிசயருக்கு ஆசைகள் மட்டும் பெரிசு. அந்த வருஷம் அவரைப் பிடித்துக்கொண்ட ஆசை, இங்கிலீஷ்.

சொல்லிக்கொடுக்கப் பட்டணத்திலிருந்து வரதப்பர் வந்தார். துரைமார்களுக்கு மொழிபெயர்த்துப் பழகிய துபாஷி. அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு முதல் பாடத்தைத் தொடங்கினார்.

"மகாராஜா, உத்தரவு கேட்க இங்கிலீஷில் மூன்று விதம் உண்டு. 'கேன் ஐ' என்றால், 'என்னால் முடியுமா?' சந்தைக்கடைக்காரன் பேச்சு. 'குட் ஐ' என்றால், 'என்னால் முடியுங்களா?' கொஞ்சம் பணிவு. 'மே ஐ' என்றால்தான், 'எனக்கு அனுமதி உண்டா?' ராஜ சமுகத்தில் அதுதான் மரியாதை."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றே தண்டோரா போட்டார்கள். ராஜா முன்னால் எதைச் செய்வதானாலும் 'மே ஐ' கேட்க வேண்டும். அவர் 'யெஸ்' சொன்ன பிறகே கை அசையலாம். மீறினால் குடும்பத்தோடு நாடு கடத்தல்!

மறுநாள் காலை நாவிதர் ராஜாவின் மீசையில் ஒரு பக்கத்தை ஒதுக்கி முடித்தார். மறுபக்கத்துக்குப் போகுமுன் வாய் தவறி, "கேன் ஐ?" என்று கேட்டுவிட்டார்.

"உன்னால் முடியும். கையில் கத்தி இருக்கிறதே" என்றார் ராஜா. "ஆனால் அனுமதி நீ கேட்கவே இல்லையே!"

நாவிதரின் கை அசையாததால் தண்டனை தப்பியது; ராஜா எழுந்து போய்விட்டார். அன்று முழுக்க ஒரு பக்கம் ஒதுக்கிய மீசை, மறுபக்கம் புதர். சபையில் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆதிமூலம் மட்டும் களுக்கென்று சிரித்துவிட்டான். அரண்மனையில் வாய்த்துடுக்குக்குப் பேர்போனவன் அவன். வரதப்பர் அவனை முறைத்தார். 'மாட்டாமலா போவாய்?' என்பது மாதிரி ஒரு முறைப்பு.

அன்று சாயங்காலமே அது நடந்தது. நந்தவனத்துக் கேணியில் மீன் துள்ளுகிறது என்று ராஜா எட்டிப் பார்த்தார். தலைப்பாகை நழுவியது. அதைப் பிடிக்கப் பாய்ந்தார். தொப்பென்று உள்ளே!

ராஜாவுக்கு நீச்சல் தெரியாது.

"ஐயோ, மகாராஜா!" என்று சேவகர்கள் ஓடிவந்தார்கள்.

"நில்லுங்கள்!" வரதப்பர் இரண்டு கையையும் விரித்து மறித்தார். "உத்தரவில்லாமல் ராஜாவின் திருமேனியைத் தொடுவதா? முறையாகக் கேளுங்கள்!"

எல்லோரும் கேணியைச் சுற்றி நின்று கத்தினார்கள். "மே ஐ! மே ஐ!"

ராஜா மேலே வந்தார். 'யெஸ்' சொல்ல வாயைத் திறந்தார். வாய் நிறையத் தண்ணீர்.

"பதில் வரவில்லை. இன்னொரு தரம்!" என்றார் வரதப்பர்.

"மே ஐ! மே ஐ!"

ராஜா மறுபடி முங்கினார்.

சத்தம் கேட்டு ஓடிவந்த ஆதிமூலம் ஒரு கணம் பார்த்தான். "கேன் ஐ!" என்று அலறிக்கொண்டே குதித்தான். ராஜாவின் குடுமியைக் கொத்தாகப் பிடித்துப் படிக்கட்டுக்கு இழுத்து வந்து போட்டான்.

ராஜா இருமினார். தண்ணீரைத் துப்பினார். கண்ணைத் திறந்ததும் எதிரே வரதப்பர்.

"மகாராஜா! இவன் அனுமதியில்லாமல் தங்கள் குடுமியைப் பிடித்தான். அதுவும் 'கேன் ஐ' என்று கேட்டுவிட்டு! எல்லோரும் சாட்சி."

ராஜா தர்மசங்கடத்தில் நெளிந்தார். "உயிரைக் காப்பாற்றினவன்தான். ஆனால் சட்டம் நான் போட்டது. நானே அதை மீறினால் நாளைக்கு யார் மதிப்பான்? ஆதிமூலம், தக்க பதில் சொல். இல்லாவிட்டால் நீ கிளம்ப வேண்டியதுதான்."

ஆதிமூலத்துக்கு வீட்டில் கைக்குழந்தை. எல்லைக்கு அப்பால் தெரிந்த முகம் ஒன்றுகூடக் கிடையாது. ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே யோசித்தான்.

"மகாராஜா, உள்ளே இருக்கும்போது தங்கள் காதில் என்ன விழுந்தது?"

"'மேய்... மேய்...' என்று ஒரே சத்தம்."

"அதேதான்! இவர்கள் எல்லோரும் தங்களை மேயச் சொன்னார்கள். தாங்கள் விழுந்தது புல்வெளியாக இருந்தால் நானும் அப்படியே சொல்லியிருப்பேன். விழுந்தது கேணி. அதனால் 'கேன் ஐ' என்றேன். இடத்தின் பேரைச் சொன்னதற்கு நாடு கடத்தலா?"

ராஜா திகைத்தார்.

"அதோடு, நான் தங்களைக் கேட்கவே இல்லை மகாராஜா. 'மே ஐ' கேட்டால் தாங்கள் பதில் சொல்லணும். தங்கள் வாயிலோ தண்ணீர். 'என்னால் முடியுமா?' என்று என் கையைக் கேட்டேன். அது உடனே பதில் சொல்லிவிட்டது."

ராஜா சிரித்தார். சிரிப்பில் மூக்கு வழியாக மீதித் தண்ணீரும் வந்தது. "சட்டம் ரத்து! துபாஷி, உமது மூன்று விதத்தையும் மூட்டை கட்டும். ஆதிமூலம், உனக்கு என்ன வேண்டும்? கேள்!"

ஆதிமூலம் பணிவாகக் கைகட்டினான். "மகாராஜா, குட் ஐ..."

"குட்டையா?" ராஜா துள்ளினார். விளையாட்டு அவருக்கும் பிடிபட்டுவிட்டது. "கோட்டைக்குத் தெற்கே இருக்கிற தாமரைக் குட்டை, சுற்றியுள்ள நஞ்சையோடு உனக்கே!"

கேணியைச் சுற்றி நின்ற கூட்டமே ஆரவாரித்தது. ஆதிமூலம் நடுங்கிக்கொண்டே ஒரு கும்பிடு போட்டான்.

"ரொம்ப சந்தோஷம் மகாராஜா. ஆனால் நான் கேட்க வந்தது, வீட்டுக்குப் போய் வேட்டி மாற்றிக்கொள்ளலாமா என்றுதான்."