ஃபெலிக்ஸின் சிசிலியன்

"ஒரு மூவ்கூடத் தப்பில்ல, மேடம். கம்ப்யூட்டரும் அதத்தான் சொல்லுது. பெறவு ஏன் அந்த ஆட்டத்த என்னால திரும்பிப் பாக்க முடியல?"

கேட்டவன் இசக்கிராஜ். போன மாதம் மாநிலச் சதுரங்கப் பட்டத்தை வென்றவன். கேட்கப்பட்டவர் அவனுடைய பயிற்சியாளர் கமருன்னிசா. குருவைவிடச் சீடனுக்கு வயது கூடுதல்.

பட்டத்தைத் தீர்மானித்த ஆட்டத்தில் அவனுக்கு எதிரே உட்கார்ந்தவன் ஃபெலிக்ஸ். வருஷக்கணக்காக ஞாயிறுதோறும் ஃபெலிக்ஸ் வீட்டில்தான் இருவரும் பயிற்சி எடுத்தார்கள். அங்கேயே மீன்குழம்பும் சோறும்.

கறுப்புக் காய் வந்தால் ஃபெலிக்ஸ் சிசிலியன் தொடக்கம்தான் ஆடுவான். ஒரு கட்டத்தில் அவனுடைய ராணி துணிந்து உள்ளே போய் ஒரு சிப்பாயை வெட்டும். அன்றும் வெட்டியது.

இசக்கி ஒரு குதிரையைப் பின்னால் எடுத்தான். ராணி திரும்பி வர வழியில்லாமல் போனது.

ஃபெலிக்ஸ் வெகுநேரம் பலகையைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து நண்பனின் முகத்தைப் பார்த்தான். கை கொடுத்துவிட்டு எழுந்து போனான்.

அடுத்த ஞாயிறு இசக்கி அவன் வீட்டுக்குப் போனான். எப்போதும் 'வாலே' என்று கூப்பிடுகிறவன் அன்று 'வாங்க' என்றான். டீ கொடுத்தான். பலகையை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் எந்தப் போட்டிக்கும் வரவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட கமருன்னிசா, காய்களை அடுக்கி, ஆட்டத்தைத் தொடக்கத்திலிருந்து காட்டச் சொன்னார்.

இசக்கி வெள்ளை ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினான்.

அவர் அதை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தார்.

"தொடக்கத்துலருந்து."

அவன் மறுபடி நகர்த்தினான். அவர் மறுபடி திருப்பி வைத்தார். முகத்தில் கோபமில்லை.

அடுத்த முறை அவன் கை பலகைக்கு மேலே போய் அப்படியே நின்றது.

"போட்டிக்கு முன்னால ஒரு ஞாயித்துக்கிழம," என்றான் கடைசியில். "அவன் வீட்ல இதே தொடக்கத்தத்தான் போட்டுப் பாத்துக்கிட்டிருந்தோம். அந்தக் குதிரை மூவ் அப்பவே என் கண்ணுல பட்டுருச்சு. அதே நேரத்துல அவன் கேட்டான், 'ராணி உள்ள போறதுல ஏதும் ஓட்ட இருக்கா மக்கா?'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் இல்லன்னேன்."

கமருன்னிசா அந்தச் சிப்பாயைத் தானே இரண்டு கட்டம் நகர்த்தி வைத்தார்.

"அது உங்க மூவ். அதுக்கு அவர் என்ன ஆடினார்?"



"நம்புனான், மேடம்."