இருசாயி ஆக்கிய குழம்பு

ஆடுகள்கூடப் பச்சை தேடி அலைகிற வறண்ட மலை அது. வருஷத்தில் நாலைந்து நல்ல மழை பெய்தால் பெரிது. அதன் சரிவில் குடிசை போட்டிருந்த சாமியாருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த இருசாயி அறுபதைத் தாண்டியவள்.

வந்து இரண்டு வருஷமாகியும் அவள் அடுப்புப் பக்கம் போனதில்லை. தண்ணீர் சுமப்பாள், விறகு பொறுக்குவாள், வாசல் பெருக்குவாள். சோறு மட்டும் சாமியார்தான் ஆக்குவார். ஏன் என்று அவர் கேட்டதில்லை.

புரட்டாசியில் ஒருநாள் இடியோடு மழை கொட்டியது. மறுநாள் விடிந்ததும் இருசாயி குடிசைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

"என்னம்மா?" என்றார் சாமியார்.

"காளான் முளைச்சிருக்கும், சாமி."

அன்றுதான் சொன்னாள். சிறுமியாக இருந்தபோதே காளான் பறிக்கப் போனவள். ஊரில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அவளிடம்தான் கொண்டுவந்து காட்டுவார்கள். இப்படி ஒரு மழைக்கு மறுநாள் பறித்து வந்து குழம்பு வைத்தாள். கொஞ்சம்தான் கிடைத்தது. தனக்கென்று ஒரு துண்டுகூட எடுக்காமல் முழுவதையும் மகன் மாதையனுக்கே ஊற்றினாள். அவன் நாலாம் நாள் செத்துப்போனான்.

"வாந்தி எடுக்கும்போதுகூட, குழம்பு நல்லாத்தான் இருந்துச்சும்மான்னான். தெரியாமத்தான் செஞ்சேன், சாமி. அந்தப் பாவம் என்னை விடுமா?"

சாமியார் கூடையை எடுத்தார்.

"வாங்கம்மா, போய்ப் பறிப்போம்."

"என் கண்ணை நம்பாதீங்க."

அவர் நடக்கத் தொடங்கிவிட்டார். தனியாக விட அவளுக்கு மனம் கேட்கவில்லை. பின்னாலேயே ஓடினாள்.

மரத்தடியில் வெள்ளைவெளேரென்று நின்றதைப் பறிக்க அவர் குனிந்தார். கையைப் பிடித்து இழுத்தாள். கரையான் புற்றில் முளைத்ததை மட்டும் விரல்விட்டுத் தோண்டி எடுத்தாள். ஒவ்வொன்றையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பாதியைத் தூக்கி எறிந்தாள்.

அவளே ஆக்கினாள்.

"முதல்ல நான் சாப்பிடறேன், சாமி. நீங்க நாலு நாள் பொறுங்க."

"அதுக்குள்ள குழம்பு கெட்டுப்போயிடும்மா."

அவளுக்குப் பாதியை ஊற்றிவிட்டு, மீதியை அவர் சோற்றில் பிசைந்து சாப்பிட்டார்.

நாலு நாளும் இருசாயி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் லேசாக இருமினாலும் எழுந்து வந்தாள். தானும் அதைத்தான் சாப்பிட்டிருக்கிறோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை.

ஐந்தாம் நாள் காலை அவர் வேலிக்கு முள் வெட்டிக்கொண்டிருந்தார். அருகில் போய் நின்றாள்.

"பயமா இல்லையா, சாமி?"

"நாலு நாளும் பயந்துகிட்டேதான் இருந்தேன்."

"அப்புறம் ஏன் சாப்பிட்டீங்க? பாவம் விடுமான்னு நான் கேட்டதுக்கு ஒரு வார்த்தை பதில் சொல்லியிருந்தா போதுமே."

அவர் அரிவாளைக் கீழே வைத்தார்.

"பாவத்தைப் போக்கறது என் கையில இல்லம்மா. உங்க கையால சாப்பிடறதுதான் என் கையில இருந்துச்சு."