உலக்கை நின்ற ஜன்னல்

வாலுள்ளவையும் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், ஜன்னல் என்றால் சுவரில் ஒரு சதுர ஓட்டை. அவ்வளவுதான். காற்றும் வரும், கண்டதும் வரும்.

சிலம்பாயி ஊராருக்கு நெல் குத்திப் பிழைத்தவள். அவள் புருஷன் வைரவனுக்கு இளைப்பு நோய். கஞ்சி இறங்கினால்தான் உடம்பு தேறும். ஜன்னல் திறந்திருந்தால்தான் மூச்சே வரும். அந்தக் கஞ்சியைத்தான் மொட்டைவாலன் என்ற குரங்குப் பயல் தினமும் ஜன்னல் வழியாக வந்து குடித்துவிட்டுப் போனான். பலகை வைத்து அடைத்தாள். வைரவனுக்கு மூச்சு முட்டியது. மூங்கில் கட்டினாள், மொட்டைவாலன் கடித்துத் துப்பினான். பாவம், மனுஷன் எலும்பும் தோலுமாகிவிட்டான்.

குரங்குப் பல்லுக்கு மசியாத மரம் அந்த வீட்டில் அவளுடைய இரண்டு கருங்காலி உலக்கைகள்தான். அவற்றைக் குறுக்கே படுக்கப் போட்டு, நுனிகளைச் சுவரில் செருகினாள். வேண்டும்போது உருவி நெல் குத்தலாமே, அந்த நப்பாசை!

மறுநாள் மொட்டைவாலன் கீழ் உலக்கையில் கால் வைத்து, மேல் உலக்கையைப் பிடித்து, சந்தில் தலையை நுழைத்து உள்ளே குதித்தான்.

"ஏணி போட்டுக் குடுத்தியே தங்கச்சி, நல்லா இரு!" என்று கஞ்சியைக் காலி செய்தான்.

சிலம்பாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மரம் அறுக்கும் ரம்பத்தை எடுத்தாள்.

"அடியே, அதை அறுத்துட்டா எதை வச்சு நெல் குத்துவே?" என்று பதறினான் வைரவன்.

"நீங்க இருந்தா வேற உலக்கை செஞ்சுக்கலாம். நீங்க போயிட்டா, அதை வச்சு யாருக்கு நான் கஞ்சி காய்ச்ச?"

இரண்டையும் பாதிப் பாதியாக அறுத்தேவிட்டாள். ஜன்னலின் மேலும் கீழும் குழி தோண்டி, நான்கு துண்டுகளையும் நெருக்கமாக நிறுத்தி, களிமண் வைத்து இறுக்கினாள். "அவரு எழுந்து நிக்கிறவரைக்கும் நீங்க படுக்கக் கூடாது" என்று உலக்கைகளிடம் கண்டிப்பாகச் சொன்னாள்.

மொட்டைவாலன் வந்தான். கால் வழுக்கியது. தலை நுழையவில்லை. கையை நீட்டினான், சட்டி எட்டவில்லை.

"தங்கச்சி, ஒரு வாய்..."

"அங்கேயே நில்லு!"

அன்றுதான் வைரவன் ஒரு சட்டிக் கஞ்சியை முழுதாகக் குடித்தான். அவன் குடிக்கக் குடிக்க இவள் அழுதாள். ஒரு மாதத்தில் அந்த உலக்கைகளையே பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். முதல் வேலையாக அவளுக்குப் புது உலக்கை செதுக்கினான். பழையவற்றை உருவிவிடலாமா என்று கேட்டதற்கு, "உங்களை நிக்க வச்சதுங்க. நிக்கட்டும்" என்றாள் சிலம்பாயி.

அன்று முதல்தான் ஜன்னல் கம்பி நின்றுகொண்டே இருக்கிறது.